பேரை மட்டும் மாற்றிய ஃபைல்

அந்த லேப்டாப்பை முதல்முதலில் கையில் வாங்கியபோது இஞ்சுக்காரர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மிச்சம் எங்கே என்று மகளைக் கேட்டார். இவ்வளவுதான் என்றாள் மகள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சின்ன வயசிலிருந்தே கல்லோடு மல்லுக்கட்டிய மனுஷன். தூக்கும்போது மூச்சு முட்டாத சாமான் எதன் மேலும் அவருக்கு மரியாதை வந்தது கிடையாது.

இஞ்சுக்காரர் என்பது பட்டறையில் விழுந்த பேர். கிரானைட்டுப் பலகைகளைக் கேட்ட அளவுக்கு வெட்டி, சமையல் மேடையாகவும் கடைக் கவுண்டராகவும் பதித்துக் கொடுப்பது அவர்கள் தொழில். இடத்துக்குப் போய் அளவெடுத்துப் படம் போடுவது இவர். பட்டறையில் மிஷின் முன்னால் நின்று வெட்டுவது இவர் மனைவியின் தம்பி. முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பதும் வந்தவர்களைச் சமாளிப்பதும் மனைவி. யாராவது வந்து, சுமாரா இவ்வளவு நீளம் இருக்கும் என்று கையை விரித்துக் காட்டினால் போதும், இவருக்கு முகம் மாறிவிடும். "சுமார் எல்லாம் உங்க வீட்டோட. எத்தனை இஞ்சு?" என்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பேர் அது. கல்யாணப் பத்திரிகையில்கூட இப்போது அதைத்தான் போட்டு அனுப்புகிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. சின்ன வயசிலேயே கல் தூக்கப் போய்விட்டார். மாடி மாடியாகப் பலகை ஏற்றி ஏற்றி, ஒரு நாள் படிக்கட்டின் நடுவில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றைக்கு விட்டது தூக்குகிற வேலை. இனிமேல் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். டேப்பை எடுத்தார். படம் போடக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். அதையும் எவனோ காட்டிக்கொடுக்க, திட்டிக்கொண்டேதான் கற்றுக்கொண்டார்.

பழைய லேப்டாப் அவருக்குத் தோதான ஜாதி. தோளில் மாட்டினால் ஆளே ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். சார்ஜரே செங்கல் கனம். போட்டால் அதன் காற்றாடி மாவு மில் மாதிரி சத்தம் போடும். டாக்டர் தொடக்கூடாது என்ற குடத்தைவிட அதுதான் இடுப்பைக் கெடுத்தது என்று மனைவி சொல்லிக்கொண்டே இருப்பாள். அது வயிறு முட்டக் கல் தூசியைத் தின்றுவிட்டு ஒரு காலையில் கண்ணைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தது. கூடவே அத்தனை படமும் போனது. அளவெடுத்த வீட்டுக்கே மறுபடி போய் மணியடித்து, இன்னொரு தடவை அளக்கணும் என்று பல்லைக் காட்டி நின்றாரே, அந்த வாரத்தை அவர் வீட்டில் இன்னும் யாரும் பேச்சில் எடுப்பதில்லை.

அதற்கப்புறம்தான் மகள் புகுந்தாள். வேறு ஊரில் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை அவளுக்கு. இந்த அட்டை மாதிரி லேப்டாப்பை வாங்கிவந்து மேஜையில் வைத்து, எல்லாம் மேலே இருக்கும், இதில் ஒன்றும் இருக்காது என்று விளக்கினாள். ஒன்றும் இல்லாததை எதற்குக் கடையில் போய் வாங்கினாய் என்று கேட்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வரைகிற படம் உடனுக்குடன் கிளவுடுக்குப் போகும், அதை மாமா பட்டறையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், இது உடைந்தாலும் படம் சாகாது, அவ்வளவுதான் விஷயம் என்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, அதில் பொய் எதுவும் இல்லை. இடுப்பு வலி பாதி குறைந்தது. காலையில் சார்ஜ் ஏற்றினால் பொழுது சாயும்வரை தாங்கியது. முன்னெல்லாம் ஓர் அளவை மாற்றவேண்டுமென்றால் நகரத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு வண்டி ஓட்டி வரவேண்டும். இப்போது வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நின்றே மாற்றிவிடலாம். ஒரு தடவை யாரோ ஒரு வீட்டுக் குழந்தை லேப்டாப் மேல் பாலைக் கொட்டி, அதை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு மனைவியின் கம்ப்யூட்டரைத் திறந்தால், விட்ட இடத்தில் படம் அப்படியே நிற்கிறது. அன்றைக்கு அவர் மகளுக்குப் போன் செய்து, வேறு ஏதேதோ பேசிவிட்டு, கடைசியில் சரி என்று மட்டும் சொல்லி வைத்தார். அவளுக்குப் புரிந்திருக்கும்.

ஆனால் கடுப்பு ஏற்றுவதிலும் அதற்கு இணை கிடையாது. பென் டிரைவ் சொருக ஓட்டை இல்லை. அதற்குத் தனியாக ஒரு வால் வாங்கவேண்டும், அந்த வால் எப்போதும் வேறு சட்டைப் பையில் இருக்கும். நீ யார் என்று கேட்கும். பாஸ்வேர்டு சொன்னால், நம்பமாட்டேன், போனுக்கு நம்பர் அனுப்பியிருக்கிறேன் என்னும். போன் வேனில் கிடக்கும். எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தால் நேரம் முடிந்துவிட்டது என்னும். சிக்னல் இல்லாத இடத்தில் சும்மா ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டு வேடிக்கை பார்க்கும். படம் வரைவதும் அதற்குள் இல்லையாம், இன்டர்நெட்டுக்குள் இருக்கிறதாம். சுவரும் இங்கே இருக்கிறது, டேப்பும் இங்கே இருக்கிறது, நானும் இங்கே நிற்கிறேன், இது மட்டும் எங்கே போய்த் தொலைந்தது என்று மகளிடம் கத்தினார். போன தடவை வந்தபோது அவள் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு, இனி சிக்னல் இல்லாவிட்டாலும் வரையலாம், சிக்னல் வந்ததும் தானாக மேலே போய்ச் சேர்ந்துகொள்ளும் என்றாள். அவருக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

ரொட்டிக்காரம்மாவின் கல் கெட்டது இந்த நல்லதினால்தான்.

அந்த அம்மா ரொட்டிக்கடை வைத்திருந்தாள். கடை தெருவில், மாவு பிசைகிற இடம் கடைக்குக் கீழே, பேஸ்மென்டில். மர மேஜையில் பிசைந்து பிசைந்து சலித்துப்போய், நீளமாக ஒரு கல் மேஜை வேண்டும் என்று பட்டறைக்கு வந்தாள். ஒரே நிபந்தனை: ஒட்டு இருக்கக்கூடாது. ஒட்டுப்போட்ட மேஜையில் இடுக்கில் மாவு போய்ப் புளித்து, பூச்சி வந்து, சுகாதார அதிகாரி வந்து, அவள் பட்டபாட்டை நின்ற நிலையில் முழுசாகச் சொன்னாள். அவ்வளவு நீளத்துக்கு ஒரே பலகை லேசில் கிடைக்காது. பட்டறையின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒன்றே ஒன்று நின்றது; அந்தச் சுரங்கத்தை மூடிவிட்டதால் அந்த ரகம் இனி வராது. அவள் மாடு வாங்குகிற மாதிரி அதைத் தட்டிப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள், கன்னத்தை வைத்துக் குளிர்ச்சி பார்த்தாள். இதுதான் என்றாள். வேற யாருக்கும் கொடுத்துட்டீங்க, அப்புறம் நடக்கிறதே வேற என்று இஞ்சுக்காரரின் மனைவியிடம் விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். மனைவிக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

அளவெடுக்கப் போன காலையில், கடைக்கு எதிரே வேனை நிறுத்திக்கொண்டு இஞ்சுக்காரர் எப்போதும் செய்கிற காரியத்தைச் செய்தார். புதுப் படத்தை அவர் வெறும் தாளில் ஆரம்பிப்பதே இல்லை. முந்தின வேலையின் படத்தைப் பிரதி எடுத்து, பேரை மாற்றி, அப்புறம் அளவுகளை ஒவ்வொன்றாக அழித்து எழுதுவார். கோடெல்லாம் தயாராக இருக்கும், பாதி வேலை மிச்சம். பழைய லேப்டாப் காலத்திலிருந்து வந்த பழக்கம். அப்போது படம் அவர் கூடவேதான் திரியும்; முடித்து, பென் டிரைவில் போட்டு, மச்சினன் கையில் கொடுக்கும்வரை அது வேறு யார் கண்ணிலும் படாது. முந்தின வேலை ஒரு பல் டாக்டரின் கவுண்டர், நடுவில் கை கழுவும் பேசினுக்கு வட்ட ஓட்டை வைத்தது. அதைப் பிரதி எடுத்தார். மேலே ‘ரொட்டிக்கடை’ என்று பேர் போட்டார். லேப்டாப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கினார்.

வேன் நின்ற இடத்தில் சிக்னல் இருந்தது. அவர் இறங்கிப்போன இடத்தில் இல்லை. பேர் மட்டும் மேலே போய்விட்டது. அளவுகள் அவரோடு கீழே இறங்கின.

கீழே நல்ல சூடு. அடுப்பு ஒரு பக்கம், மாவு மூட்டை ஒரு பக்கம், நடுவில் ரொட்டிக்காரம்மா முழங்கைவரை மாவோடு. சுவர் எதுவும் நேராக இல்லை. ஒரு மூலையில் தூண் துருத்திக்கொண்டு நின்றது. அதற்கு வாகாகக் கல்லைக் கொத்தி எடுக்கவேண்டும். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் பலகை திரும்பாது. தெருமட்டத்து ஜன்னலைக் கழற்றி அதன் வழியாகத்தான் இறக்கமுடியும். ஜன்னலையும் அளந்தார். இந்த மாதிரி கோணல்மாணலான இடம்தான் அவருக்குப் பிடிக்கும். முட்டிபோட்டு, மூலைக்கு மூலை டேப்பு பிடித்து, இரண்டு தடவை சரிபார்த்து எழுதிக்கொண்டே போனார். மேஜைக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று வேலை செய்யணும் என்றாள் அந்த அம்மா. ஒரு பக்கம் அவள், எதிர்ப்பக்கம் அவள் தங்கை. அதற்கும் அகலம் கணக்குப் பார்த்தார். வேலை சுத்தமாக முடிந்தது. அப்படி ஒரு படம் அவர் அந்த வருஷத்தில் போடவில்லை.

முடித்துவிட்டுக் காபி குடித்து நிமிர்ந்தால் லேப்டாப் தூங்கிவிட்டிருந்தது. எழுப்பினார். நீ யார் என்று கேட்டது. பாஸ்வேர்டு போட்டார். போனுக்கு நம்பர் அனுப்புகிறேன் என்றது. போன் கையில்தான் இருந்தது, ஆனால் சிக்னல் இல்லையே. ஒரு கையில் லேப்டாப்பும் ஒரு கையில் போனுமாகப் படியில் ஏறி, பாதியில் நின்று இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கீழேயிருந்து ரொட்டிக்காரம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா, ஒழுகுதுன்னு ஏந்திப் பிடிக்கிறீங்களா?"

அவர் மிச்சப் படிகளையும் ஏறினார். கடைக்குள் வந்து நின்றதும் நம்பர் வந்தது, போட்டார், படம் திறந்தது. உடனே ஒரு பெட்டி எழும்பியது. இந்தப் படம் இரண்டு விதமாக இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டது. வழக்கமான தொந்தரவு என்று நினைத்து மூடப்போனவர், மேல் மூலையில் ஒரு சின்ன வட்டத்தைப் பார்த்தார். வட்டத்துக்குள் மச்சினனின் மூஞ்சி, மகள் எப்போதோ போட்டுவைத்த போட்டோ, ஈ என்று இளித்துக்கொண்டு. அந்த வட்டம் இருந்தால் அவன் இதே படத்தைப் பட்டறையில் திறந்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

எதைத் திறந்து வைத்திருக்கிறான்? பேரில் ரொட்டிக்கடை, உள்ளே பல் டாக்டர்.

பட்டறையில் இரண்டு கல் தயார் நிலையில் நின்றால், எதற்கு முதலில் படம் வருகிறதோ அதை மிஷினில் ஏற்றுவது மச்சினன் வழக்கம். வேலை தேங்கக்கூடாது என்று இவரே சொல்லிக்கொடுத்தது. பல் டாக்டரின் கவுண்டர் ஒடுக்கமானது. அந்த அகலத்துக்கு நீளவாக்கில் ஒரு வெட்டு விழுந்தால் ரொட்டிக்காரம்மாவின் கல் அதோடு சரி.

மச்சினனுக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மிஷின் ஓடும்போது அவன் காதில் மூடி மாட்டியிருப்பான். பக்கத்தில் வெடி வெடித்தாலும் கேட்காது. பட்டறை நம்பருக்குப் போட்டார். அதையும் மகள் புதுசாக மாற்றி வைத்திருந்தாள், அதுவும் கிளவுடுதான். இரண்டு சத்தம் போட்டுவிட்டு, தேன் ஒழுகுகிற ஒரு குரல் வந்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், தயவுசெய்து காத்திருங்கள் என்றது. மனைவியின் குரல்தான். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவரிடம் ஒரு நாளும் காட்டாத பதவிசு. அப்புறம் புல்லாங்குழல் வாசித்தது. தன் கல் வெட்டுப்பட, தன் பட்டறையில், தன் பொண்டாட்டியே தன்னைக் காக்கவைத்துப் பாட்டுப் போட்டுக்காட்டுகிறாள் என்று நினைத்தபோது இஞ்சுக்காரருக்கு அந்த லேப்டாப்பை ரொட்டி அடுப்பில் போட்டுவிடலாமா என்று இருந்தது.

புல்லாங்குழல் நின்றது. "வணக்கம், சொல்லுங்க."

"மிஷினை நிறுத்து. போ. ஓடு."

"நீங்களா. லைன்ல ஆளு இருக்காங்க, அப்பறம்..."

"ரொட்டிக்காரம்மா கல்லுடி. போய் நிறுத்து."

போனைப் போட்டுவிட்டு அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. அவளும் ஒரு காலத்தில் பட்டறையில் நின்றவள்தான். தம்பியின் தோளைத் தட்டவெல்லாம் மெனக்கெடாமல் நேரே போய்ச் சிவப்புப் பொத்தானில் உள்ளங்கையால் ஓர் அறை விட்டாளாம். மிஷின் நின்றது. பிளேடு கல்லுக்குள்ளேயே நின்றது.

அதற்குள் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. ஒரு முனையில் ஆரம்பித்து, பல் டாக்டர் அகலத்தில், துணி கிழித்த மாதிரி நேர்த்தியான வெட்டு.

ரொட்டிக்காரம்மா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். மறைக்க வழியில்லை. இஞ்சுக்காரர் நடந்ததைச் சொன்னார். கிளவுடு, சிக்னல் என்றெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என் கல்லை வெட்டிட்டீங்க. அதானே?"

"ஆமா."

அவள் ஏப்ரனைக் கழற்றிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள். வழி நெடுக வெளியே தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு விடவாவது முடிந்திருக்கும்.

பட்டறையில் மச்சினன் கல்லின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இஞ்சுக்காரர் அவன்மேல் பாய்ந்தார். ரொட்டிக் கடை மேஜையில் நட்டநடுவே வட்டமாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறதே, அதைப் பார்த்தாவது சந்தேகம் வரவேண்டாமா, கண் எங்கே போனது என்று கேட்டார்.

"பேசின்னு நெனச்சேன் மாமா. ரொட்டி சுடுறவங்க கை கழுவ மாட்டாங்களா?"

"நடு மேஜைலயாடா கழுவுவாங்க?"

"அது எனக்கென்ன தெரியும். நீங்க போட்ட படத்துல குத்தம் சொன்னா, இஞ்சு தெரியுமாடா உனக்குன்னுதான கேப்பீங்க?"

முன்பென்றால் இந்த மாதிரி நேரத்தில் சத்தம் போட்டே ஜெயிக்கலாம். நான் சரியாகத்தான் கொடுத்தேன், நீதான் மாற்றி எடுத்தாய் என்பார்; அவன் இல்லை என்பான்; பொழுது சாய்வதற்குள் இரண்டு பேருக்கும் மறந்துவிடும். இப்போது மனைவி முன்னறைக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று வரிவரியாகக் காட்டினாள். பேரை மாற்றியது இவர். அளவை மாற்றாமல் விட்டது இவர். நிமிஷத்தோடு போட்டிருந்தது. மேலே இருக்கிற அந்தச் சனியன் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறது. சண்டை போட்டு மறக்கிறதற்குக்கூட ஒரு குடும்பத்துக்கு இடம் விடவில்லை. அவர் மச்சினன் பக்கம் திரும்பாமல், சரிடா, என் தப்புதான் என்று கல்லைப் பார்த்துச் சொன்னார். மச்சினனுக்கு அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை. காது மூடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

ரொட்டிக்காரம்மா வெட்டுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தாள். இதை ஒட்டித் தரலாமா என்று மச்சினன் மெல்ல ஆரம்பிக்க, அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவனே நிறுத்திக்கொண்டான். வேறு கல் தேடலாம் என்றார் இஞ்சுக்காரர். கிடைக்குமா என்று அவள் கேட்டாள். ரகம் வேறாக இருக்கும், எப்போது வரும் என்று சொல்லமுடியாது என்றார். சுமாராகக்கூட ஒரு நாளைச் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

அப்புறம் டேப்பை எடுத்து, வெட்டு விழாத பாகத்தை அவள் கண்முன்னாலேயே அளந்தார். அகலம் முழுசாக இருக்கிறது. நீளம்தான் போய்விட்டது. ஒட்டில்லாத ஒரே கல்தான், ஆனால் அவள் கேட்ட மேஜை இல்லை. அதன் மேல் இரண்டு பேர் எதிரெதிரே நிற்கலாம். பக்கத்தில் தட்டு அடுக்க இடம் இருக்காது.

அவள் மிச்சக் கல்லின் ஓரமாக ஒரு நடை நடந்து பார்த்தாள். கடைசியில், "குடுங்க. வேற என்ன பண்ண. ஆனா படத்தை இங்கயே, என் முன்னாடி போடுங்க," என்றாள்.

போட்டார். பழைய படம் எதையும் பிரதி எடுக்காமல், வெறும் திரையில் முதல் கோட்டிலிருந்து ஆரம்பித்தார். மச்சினன் தன் திரையைப் பார்க்காமல் இவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, ஒவ்வொரு அளவையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டான். மற்ற நேரமாக இருந்தால் அவனுக்கு உதை விழுந்திருக்கும். அன்றைக்கு அவர் சொன்னார். கேட்டுவிட்டு அவன் போய் வெட்டினான்.

கல் ஜன்னல் வழியாக இறங்கி, தூணுக்கு அணைவாக ஒரு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. மறுமுனையில் சுவருக்கும் கல்லுக்கும் நடுவில்தான் இடைவெளி, ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு. அதில் ரொட்டிக்காரம்மா ஒரு மரப் பலகையைப் போட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டாள். பிசைய நன்றாக இருக்கிறது என்று அவளே போன் செய்து சொன்னாள். குட்டைதான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

மகளிடம் இதைச் சொன்னபோது, காலி ஃபைல் ஒன்று போட்டுத் தருகிறேன், அதையே எடுத்து வரையுங்கள், இந்தக் குழப்பமே வராது என்றாள். வேண்டாம் என்றார். லேப்டாப்பைத் தூக்கி எறியவும் இல்லை, இடுப்பு விடாது. இப்போது அளவையெல்லாம் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில்தான் பேர் போடுகிறார். பேர் போட்ட கையோடு மச்சினனுக்குப் போன் செய்து, இப்ப வெட்டு என்று சொல்கிறார். புல்லாங்குழல் வந்தால் வைத்துவிட்டு மறுபடி போடுகிறார்.

அந்த ரொட்டிக்கடை அவர் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. அங்கே ரொட்டி நன்றாக இருக்கும். தெருவில் நின்றால் பேஸ்மென்ட் ஜன்னல் வழியாக மேஜையும் அந்த மரப் பலகையும் தெரியும். அதனால் அவர் வேனை விட்டு இறங்குவதில்லை. மனைவியைத்தான் அனுப்புகிறார்.